பக்கவாசல் கருங்கல் படி

புதுச்சேரியில் எங்கள் மாதா கோயிலில் மணி அடித்தவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை முள்தாடி. தோத்திரம் சொல்லி வணங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலை மணியை அடித்துவிட்டு, உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தாலும், பக்கவாசலுக்கு வெளியே கருங்கல் படியில்தான் முழந்தாளிட்டுப் பூசை காண்பார்.

கோயிலின் ஜூபிலி மலருக்காக முன்னோர்களின் பக்தி முறைகளைத் தேடித் தொகுக்கும் வேலை அப்போது என்னிடம் இருந்தது. இவருடைய தாழ்ச்சி நல்ல கட்டுரையாகும் என்று நினைத்து, டிஜிட்டல் கேமராவோடு போய் நின்றேன்.

"ஐயா, வெளிய முட்டி போடறது அந்தக் காலத்து பக்தியா?"

"மூடு அத" என்றார், கேமராவைக் காட்டி. "பக்தியாம்! கீழ்சாதின்னு சொல்லி எங்கப்பன இந்தப் படியத் தாண்ட உங்க தாத்தாமாருங்க விடல. சாவற வரைக்கும் அவரு இங்கதான் முட்டி போட்டாரு. இப்ப உள்ள வான்னு கூப்புடறீங்க. நான் வரமாட்டேன். இத எழுதுவியா?"

"எழுதறேன்" என்றேன்.

எழுதவும் செய்தேன். "விழா நேரத்துல இது எதுக்கு?" என்றார்கள் மலர்க்குழுவில். நானே அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு, பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சரவிளக்கைப் பற்றி எழுதிக் கொடுத்தேன்.

மலர் வந்ததும் எந்த முகத்தோடு அவரிடம் ஒரு பிரதியை நீட்டினேன் என்று தெரியவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அதைப் படியில் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.