ஸ்பெயினை வைத்துப் பூக்கட்டிப் பார்த்தது

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணம் உப்பளத்தில் பேப்பர் படிப்பது என் வேலையாக இருந்தது. கூலி என்னவோ உப்பு சுமப்பதற்குத்தான். படிப்பதற்கு ஒரு டீ. நிவாரணம் யாருக்கு, எந்த ஆபீசில் என்று தெரிந்துகொள்ள முதலில் படிக்கச் சொன்னார்கள். நிவாரணச் செய்தி நின்றபிறகும் பழக்கம் நிற்கவில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எல்லாரும் கொட்டகையில் கஞ்சித் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள். "ஏம்மா பிளஸ் டூ, ஆரம்பி" என்பார் மேஸ்திரி. நானும் டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொள்வேன். அத்தனை பேரில் படித்தவள் நான் ஒருத்திதான் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். உப்புக் கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒரு ஆள் நின்று தூக்கிவிட வேண்டும். மூன்று வருஷமாக எனக்கு அவள் தூக்கிவிட்டாள், அவளுக்கு நான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்பினோம். அதற்கு என்ன பெயர் என்று தெரியாது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆனி மாதம் அவளுடைய அண்ணன் திண்டிவனம் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்தான். சைக்கிள் கடை வைத்திருந்தவர், நல்ல மனுஷர் என்றார்கள். அவள் "பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் உள்பக்கத்தில் சின்னக் கட்டமாக ஒரு செய்தி வந்தது. ஸ்பெயின் நாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள ஒரு சட்டம் கொண்டுவருகிறார்கள். மேல்சபை வேண்டாம் என்றுவிட்டது. கீழ்ச்சபை திரும்பவும் ஓட்டெடுக்கப்போகிறது. யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டேன்.

கொட்டகையில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. துண்டில் கட்சிக்கரை போட்டிருந்த பெரியவர் ஒருவர், "பார்லிமெண்ட்டுக்கு வேற வேல இல்லியா? வெலவாசியப் பேசச் சொல்லு" என்றார். உப்பு சுமக்கிற விதவை அக்கா ஒருத்தி விடவில்லை. "ஆம்பளயக் கட்டிக்கினு நா என்ன சொகத்தக் கண்டேன்? பொம்பளயும் பொம்பளயும் கட்டிக்கினா குடிச்சிட்டு வந்து ஒதைக்க ஆளு இருக்காது. பாஸ் பண்ணட்டும்."

தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். "அப்டியில்லக்கா. கல்யாணம்னா சும்மாவா? ஒருத்தி செத்தா வீடு யாருக்கு? ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு யார் பேரப் போடுவான்?"

"அதத்தான் சுனாமி வீட்டுக்கும் கேட்டாங்க. எனக்குப் புருஷன் இல்ல, இன்னும் வீடும் வரல."

"நம்ம நாட்ல இதுக்கு ஜெயிலு, தெரியுமில்ல?" என்று முடித்துவைத்தார் மேஸ்திரி.

நாங்கள் இரண்டு பேரும் கஞ்சித் தூக்கை மூடிவைத்துவிட்டுக் கூடையை எடுக்கப் போனோம். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: "அங்க பாஸ் ஆச்சின்னா எங்கண்ணங்கிட்ட எனக்குக் கல்யாணமே வாணாம்னு சொல்லிடறேன். ஆவலன்னா சரின்னுடறேன்." கோயிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப்போட்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி அவள் ஸ்பெயினை வைத்துப் பூக்கட்டிப் பார்த்தாள். "பைத்தியமா உனக்கு?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அந்த அக்கா எங்களைப் பார்த்து, "எப்பப் பாரு ஒட்டிக்கினே கெடக்கறீங்க. ரெண்டு பேரும் ஸ்பெயினுக்கே போயிடுங்கடி" என்றாள். கேலிதான். எல்லாரும் சிரித்தார்கள், மேஸ்திரியைத் தவிர. அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

மறுநாள் பேப்பரில் செய்தி இருந்தது. சட்டம் நிறைவேறிவிட்டது. தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள் என்றும் போட்டிருந்தது. மேஸ்திரி எதிரே நின்றுகொண்டிருந்தார். "ஸ்பெயின் என்னாச்சி?" என்று கேட்டார். பேப்பரைப் பார்த்தபடியே, "தோத்துப்போச்சி, தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்று படித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. "நல்லதாப் போச்சு" என்றார் பெரியவர். "பொம்பளைங்களுக்கு எங்கதான் நல்லது நடந்துச்சு" என்றாள் அக்கா. அதோடு பேச்சு சினிமாவுக்குப் போய்விட்டது.

அவளிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வழியில் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். சனிக்கிழமை கூடை தூக்கிவிடும்போது சொல்ல வாயெடுத்தேன், மேஸ்திரி தலை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என் வீட்டு வாசல்வரைக்கும் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சநேரம் நின்றிருந்துவிட்டுப் போனாள். அப்போதும் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணனிடம் சரி என்று சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் நான்தான் சாம்பார் ஊற்றினேன்.

தலை தீபாவளிக்கு வந்தவள் அதிரசத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். புருஷன் தெருமுனையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, "அன்னிக்கி நா பொய் படிச்சேன்டி. அங்க பாஸ் ஆயிடுச்சி" என்றேன்.

"தெரியும். நீ கூடைய எடுக்கப் போனதும் பேப்பர எடுத்து நானே படிச்சேன். எழுத்துக்கூட்டிப் படிக்க ரொம்ப நேரம் ஆச்சி."

"தெரிஞ்சிமா சரின்ன?"

"ஞாயித்துக்கெழம வரிக்கும் உம் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன், நீயா சொல்லுவேன்னு. வூடு வரிக்கும் வந்து நின்னு பாத்தேன்."

தெருமுனையிலிருந்து புருஷன் கூப்பிட்டார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளை ஏமாற்றிவிட்டேனே என்று நான் நாலு மாதமாக அழுதிருந்தேன். ஏமாந்திருந்தால்கூடத் தேவலை என்று அன்றைக்கு நினைத்தேன்.