பிரதி எடுக்காத குரல்

மகள் விபத்தில் போய் மூன்று வருடம் கழித்து, வேலப்பன்சாவடி பக்கம் அவள் படித்த கல்லூரிக்குப் போனேன். கடைசி வருட புராஜெக்டைப் பேசி விளக்கிய வீடியோவை சிடியில் போட்டு நூலகத்தில் கொடுத்ததாகச் சொல்லியிருந்தாள். அவள் போனும் அன்றைக்கே நொறுங்கிவிட்டதால், அவள் குரல் என்னிடம் வேறு எதிலும் இல்லை.

நூலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் ஒல்லியானவர். நெற்றியில் கலைந்த விபூதி. எந்த சிடியையும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டரில் பிரதி எடுப்பாராம்.

பெயரைத் தட்டித் தேடினார். அவள் எழுதிய அறிக்கை வந்தது. வீடியோ வரவில்லை.

"இடம் பத்தலம்மா. ரிப்போர்ட்ட மட்டும் ஏத்தச் சொன்னாங்க. வீடியோவ நான்தான் வுட்டுட்டேன். சிடியெல்லாம் அப்பவே கழிச்சாச்சு."

"எம்பொண்ணு குரல கேக்கலாம்னு வந்தேண்ணா. இன்னொருவாட்டி பாருங்க."

அவர் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த வீடியோவ நான் பாத்துகீறேம்மா. நடுவுல மறந்துபூட்டு, 'ஐயோ, இருங்க சார்'னு சிரிச்சிது. அப்பால கடகடன்னு சொல்லி முடிச்சிது."

"எப்படிண்ணா சிரிச்சா?"

அதேபோல் சிரித்துக் காட்டப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் வழியில் திருவேற்காட்டில் இறங்கி அம்மன் முன்னால் நின்றேன். அந்த மனிதருக்கு மறதி மட்டும் வந்துவிடக் கூடாது தாயே என்றுதான் வேண்டிக்கொள்ள முடிந்தது.