பக்கத்து லேனில் வந்த சுகந்தி

எனக்கு அறுபத்தேழு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. ஐந்தில் ஒன்றுக்கும் நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் அம்பத்தூர்ப் பக்கம் எங்கள் நீச்சல் குளத்தில் நான் வந்து நிற்காமல் பெண்கள் ரேஸ் தொடங்காது. நான் டேப்பர்.

1. தட்டுகிற வேலை

பார்வை இல்லாத பெண்கள் ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது தலையைக் குனிந்துகொண்டு அடித்துப் பிடித்து வருவார்கள். சுவர் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் குளம் இருபத்தைந்து மீட்டர், போய்த் திரும்பி வர வேண்டும். அதனால் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு நீளக் கம்போடு நிற்போம். நுனியில் ஸ்பான்ஜ் உருண்டை இருக்கும். சுவர் நெருங்கும்போது தலையிலோ தோளிலோ ஒரு தட்டு. முன்னால் தட்டினால் கையை நீட்டிக்கொண்டு சும்மா மிதந்து வருவாள், ரேஸ் போச்சு. தாமதித்தால் மண்டை போச்சு.

நான் சேர்ந்தது லேடீஸ் பேட்ச் நேரத்தில் ரூம் கழுவி, லாக்கர் சாவி கொடுக்கிற வேலைக்கு. ஒருநாள் டேப்பர் பெண் வரவில்லை. கோச் கம்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னா சார், யாரை அடிக்கணும்?"

"அடிக்காத ஆயா, தட்டு!"

ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும்போதே கைவிட்டு மாவு தள்ளின கை இது. சீக்கிரமே பிடிபட்டது. அதற்குப் பிறகு கம்பை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

2. சுகந்தியின் பல்

சுகந்திக்கு வேப்பம்பட்டில் ஃபிளாட், ஐடி கம்பெனியில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்களிடம் வருமுன் வேறொரு குளத்தில் யாரோ தட்ட மறந்து, சுவரில் மோதி, முன்பல் பாதி போய்விட்டது. அதிலிருந்து முக்கால் குளம் பறந்து வருவாள், கடைசியில் பிரேக் போடுவாள். கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் கை தானாக நின்றுவிடும்.

"இன்னாடி, செவுரு கடிக்கவா போவுது?" என்று கேட்பேன்.

"ஒருவாட்டி கடிச்சிருச்சே ஆயா" என்று பல்லைக் காட்டுவாள்.

அவள் அம்மா என்னைத் தனியாக இழுத்துப் போய், "ஏம்மா, கொஞ்சம் முன்னாடியே தட்டிருங்க. பிள்ள மறுபடி இடிச்சிரக் கூடாதுல்லா" என்பார். அது சுகந்தி காதில் விழுந்துவிடும்.

"அம்மா பேச்சக் கேட்டு முன்னாடி தட்டின, கம்பப் புடுங்கி உன்னத் தட்டுவேன்."

தினமும் தட்டித் தட்டிப் பழகினோம். பிரேக் குறைந்தது, ஆனால் போகவில்லை.

3. செலக்‌ஷன் அன்று

மாநில செலக்‌ஷன் எங்கள் குளத்திலேயே வந்தது. முதலில் தொடுகிறவளுக்கு மட்டும் நேஷனல். சுகந்திக்கு அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவளுக்கு நாலாவது லேன். மூன்றில் ஆவடிப் பெண், கெட்டிக்காரி. ஐந்தில் பேர் கொடுத்தவள் வரவில்லை, காலி. எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள், லேசாக வெளிச்சம் தெரிகிறவளுக்கும் தெரியக் கூடாதென்று.

நான் ஃபினிஷ் கரையில் நின்றேன். குதித்தார்கள். எதிர்க் கரையில் கோச் தட்டினார். சுகந்தி உருண்டு திரும்பிச் சுவரை உதைத்தாள். உதை கோணலாகிவிட்டது. கயிற்றுக்கு அடியில் புகுந்து ஐந்தாவது லேனில் எழுந்தாள். அதுதான் தன் லேன் என்று நினைத்து அடிக்கிறாள், அப்படியொரு வேகம். ஐந்தாவது லேன் முனையிலோ கம்போடு யாரும் இல்லை.

"ஏம்மா, கூப்பிடுங்க! பேரச் சொல்லிக் கூப்பிடுங்க!" அவள் அம்மா கேலரியிலிருந்து அலறினார்.

லேன் மாறினால் டேப்பர் பேர் சொல்லிக் கூப்பிட்டு வழி காட்டலாம், ரூலில் இடம் உண்டு. கூப்பிட்டால் நிற்பாள். கயிற்றைத் தேடுவாள். அதற்குள் ஆவடிப் பெண் ஏறித் தலை துவட்டியிருப்பாள். காலி லேன் என்றால் அதிலேயே முடிக்கலாம் என்றும் ரூல் இருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஈரத் தரையில் ஓடினால் வழுக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, ஐந்தாவது லேன் முனையில் குனிந்தேன். அவள் பிரேக் போடுகிற இடம் வந்தது. போடவில்லை. அந்தப் பெண் பிரேக் போடவே இல்லை! கை முன்னால் வருகிற நேரம் பார்த்து உச்சந்தலையில் ஒரு தட்டு. உள்ளங்கை சப்பென்று சுவரில் விழுந்தது. மூன்றாவது லேன் கை அதற்கப்புறம்தான் விழுந்தது.

"லேன் மாறிட்டா சார், அவுட் குடுங்க!" என்று ஆவடி கோச் குதித்தார்.

"காலி லேன்தான சார்? யாரையும் இடிக்கல. ரிசல்ட் நிக்குது" என்றார் ரெஃப்ரி.

சுகந்தி தண்ணீருக்குள்ளிருந்தே முகத்தைத் தூக்கினாள். "ஆயா, நான் நம்ம லேன்ல வரலியா?"

"பக்கத்து லேன்ல வந்துகீறடி, எருமை."

"தட்டுனது நீதான?"

"பின்ன யாரு?"

"அப்போ நம்ம லேன்தான்."

கம்பை உதறித் தண்ணீரை வடித்தேன்.

புதிதாகக் கம்பு பிடிக்க வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: உனக்குக் கொடுத்த லேனையே பார்த்துக்கொண்டு நிற்காதே. அவள் எங்கே வருகிறாளோ அங்கே போய் நில்.

தீபா, அந்த போனக் கீழ வெச்சிட்டு, நான் சொல்லச் சொல்ல நீ நோட்டுல எழுதுனத மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு கண்ணு. மெதுவாவே படி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.