வெனெராந்தா குடிக்காத மிடறு

வெனெராந்தாவை எங்கள் மலையில் இன்றைக்கும் விஷக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாய் அழுகட்டும். வாழைப்பழக் கள் வடித்து விற்றவள் அவள். கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவாள்.

தொண்ணூற்று நான்காம் வருஷம், டுட்ஸி இனத்தையே ஒழிக்கச் சொல்லி ருவாண்டா முழுக்க வானொலி கத்திக்கொண்டிருந்தது. தடுக்க வேண்டிய வெளிநாட்டுச் சிப்பாய்கள் லாரி ஏறிப் போய்விட்டார்கள். நானும் என் மூன்று வயது மகள் கலிஸ்தாவும் வெனெராந்தா வீட்டுக்குப் பின்னால், வாழைத்தார் மூட்டம் போடும் குழிக்குள் கிடந்தோம். மேலே பலகை, இலை, மண். நாங்கள் டுட்ஸி. அவள் ஹூட்டு, வெட்டுகிறவர்களின் இனம். எங்களை ஒளித்து வைத்தது தெரிந்தால் அவளுக்கும் வெட்டுதான்.

ஒரு மத்தியானம் நார்சிஸ் தன் ஆட்களோடு வந்தான். என் கல்யாணத்தில் ஆடியவன். குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். நான் பலகை இடுக்கில் பார்த்தபடி கலிஸ்தாவின் வாயைப் பொத்தினேன்.

“அக்கா, தொண்டை காஞ்சு கெடக்கு. காலையிலேர்ந்து வேலை,” என்றான். என்ன வேலை என்று எனக்குத் தெரியும்.

“குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

“கெளம்புறதா? வீட்டைப் பாக்கணும், குழியையும் கிளறணும். கோவிச்சுக்காத.”

எங்கள் மலையில் கள் கொடுக்கிறவர் முதல் மிடறைத் தான் குடித்துவிட்டுத்தான் நீட்டுவார். விஷமில்லை என்று அர்த்தம். அன்று பயத்தில் அவள் மறந்துபோனாள். குடுவையை அப்படியே நீட்டிவிட்டாள்.



“நீ குடிக்கலியே,” என்றான் நார்சிஸ்.

குடுவையை அவளிடமே திருப்பி நீட்டினான்.

“குடி, அக்கா.”

ஒரு மிடறு குடித்திருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள், தாங்களும் குடித்திருப்பார்கள், பிறகு எங்களைத் தோண்டி எடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அது அவளுக்குப் புரிந்திருக்கிறது. வெட்டரிவாளோடு நிற்கிறவன் முன்னால், மகராசி, வாய் வைக்கவே இல்லை.

“எனக்கு வேணாம். இந்த வீட்டுல எதைத் தொட்டாலும் பாத்துத் தொடுங்க,” என்றாள்.

விஷக்காரி என்றால் எங்கள் ஊரில் கொலைகாரனுக்கும் பயம். குடுவை தரையில் விழுந்து உருண்டது.

“அடப்பாவி, இவ கையால எவ்வளவு குடிச்சிருக்கோம்,” என்று ஒருவன் புலம்பிக்கொண்டே ஓடினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

ஜூலையில் கொலை ஓய்ந்ததும் நாங்கள் வெளியே வந்தோம். அவளிடம் மட்டும் அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கள் வாங்க ஆளில்லை. மாதா கோயிலில்கூட அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

சிறையிலிருந்து வந்த நார்சிஸ் எதிர்ச் சரிவில்தான் இருக்கிறான். போன மாதம் அவள் வேலிக்கு வெளியே வந்து நின்றான். கலிஸ்தாவின் குழந்தையோடு நானும் முற்றத்தில் இருந்தேன்.

“அக்கா, அன்னிக்கு நெசமாவே விஷம் வச்சிருந்தியா?”

இல்லை என்று சொன்னால் போதும், அவள் பெயர் திரும்பக் கிடைத்துவிடும். அவள் குழந்தையைப் பார்த்தாள்.

“வச்சிருந்தேன்,” என்றாள். “இன்னும் இருக்கு.”