ஒண்ணாம் போர்டுக்கு யார்?

சேஷாத்ரி சார் புது ஸ்ட்ரைக்கர் வாங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் கேரம் கிளப்புக்குள் நுழைகிறேன், மனிதர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார். தந்த நிறம். நடுவில் ஒரு நீலப் பூ. "வெயிட்டைப் பாருங்கோ மேடம்... கையில எப்படி நிக்கறது பாருங்கோ" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் ஸ்ட்ரைக்கர் வாங்கினால் உனக்கு என்ன வந்தது என்கிறீர்களா? அதற்கு நான் ஜிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் ஆபீஸ் பைக்கு ஜிப் போய்விட்டது. தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற செல்வராஜிடம் கொண்டுபோனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பல வருஷமாக என் பைகளுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். அவர் ஜிப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது மாடியில் டொக்... டொக்... என்று சத்தம்.

"மேலேயும் பட்டறையா?"

"இல்லக்கா, நம்ம கேரம் கிளப்பு. ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சா பயலுவ எல்லாம் இங்கதான் கெடப்பானுவ."

"மாட்டுங்காவில எங்களுக்கும் ஒரு கிளப் இருக்கே" என்றேன். வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"அப்படியா! அப்ப ஒரு மேட்ச் வச்சிருவமா? சும்மா ஃப்ரெண்ட்லிதாங்க்கா. டென்ஷன் நகோ, வேணவே வேணாம்."

ஃப்ரெண்ட்லி மேட்ச்! இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் ஒரு நாளும் ஒரு மேட்ச்சை ஏற்பாடு செய்திருக்கமாட்டார். நான் செய்தேன். முதல் தகராறு பவுடரில் வந்தது. எங்கள் ஆட்களுக்குப் போர்டில் பவுடர் லேசாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பனி பெய்த மாதிரி இருக்க வேண்டும். அடுத்து, கட்டைவிரலால் அடிக்கலாமா கூடாதா. அது முடிந்தால் இடைவேளையில் டீயா, காபியா. போனை வைத்தால் எடுக்க, எடுத்தால் வைக்க... என் வீட்டுக்காரர் "நீ என்ன பார்டர் பிரச்சினை பேசறியா?" என்று கேட்டார்.

ஒரு வழியாக முடிவாயிற்று. ஆளுக்கு ஆள் ஆட்டம், ஒரு அணிக்கு ஐந்து பேர், ஐந்து போர்டு. முதலில் இருபத்தைந்து புள்ளி எடுப்பவருக்கு அந்த போர்டு. மூன்று போர்டு எடுக்கிற கிளப்புக்குக் கப். யார் எந்த போர்டில் உட்காருவது என்பது அந்தந்த கேப்டன் இஷ்டம். எதிரணிக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எங்கள் கேப்டன் விஸ்வநாதனுக்கு மூளை வேலை செய்தது. ரிட்டயர்டு ஆடிட்டர். சும்மா இருப்பாரா?

"வழக்கமா எல்லா டீமும் பெஸ்ட் பிளேயரை ஒண்ணாம் போர்டுல போடுவா. அவாளும் போடுவா. அங்க நம்ம சேஷாத்ரியை உட்கார வெச்சுடலாம்."

"சேஷாத்ரி சாரையா? அவர் தோத்துப் போயிடுவாரே!"

"தோக்கட்டும். எப்படியும் போகப்போற போர்டு அது. அதுல நல்ல ஆளை எதுக்கு வேஸ்ட் பண்ணணும்? மத்த நாலுலயும் நம்ம ஆள் ஒரு படி மேல இருப்பான். நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்கோ. நீங்க சொன்னா நன்னா இருக்கும்."

சேஷாத்ரி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திலக் நகரிலிருந்து பஸ் பிடித்து தினம் எல்லோருக்கும் முன்னால் கிளப்புக்கு வந்துவிடுவார். போர்டுகளைத் துடைத்து, லைட்டைப் போட்டு, காய்களை அடுக்கி வைப்பார். பிறகு ஆட உட்காருவார்... அத்தோடு சரி. மென்மையான மனிதர், ஆனால் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் மட்டும் யார் மேல் கோபமோ தெரியாது, அப்படி ஒரு அடி. காய் குழிக்குள் போகாது, மேஜைக்கு அடியில் போகும். குனிந்து எடுத்துக்கொண்டே எதிராளியிடம் "ஸாரி, ஸாரி" என்பார். அவர் கிளப்பில் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

அவரிடம் போய், "ஒண்ணாம் போர்டு உங்களுக்குத்தான் சார்" என்றேன்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "எனக்கா?" என்றார். இன்னொரு தடவை, "எனக்கா மேடம்?"

அதற்கப்புறம்தான் இந்த ஸ்ட்ரைக்கர். அதோடு போயிற்றா? "ஞாயித்துக்கிழமை கமலாவும் வரா" என்றார். கமலா மாமி அவர் மனைவி. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட கிளப் வாசலை மிதிக்காதவர். கேரம் என்றாலே வேலையில்லாதவர்கள் விஷயம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டவர். அந்த மாமி வருகிறார், கணவர் ஒண்ணாம் போர்டில் ஆடுவதைப் பார்க்க!

தோற்றால்கூடப் பரவாயில்லை. தோற்கத்தான் தன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டால்? அதுவும் மனைவிக்கு முன்னால்? 

ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை நாம் எங்கேதான் செய்வதில்லை? கோபக்கார மேனேஜர் வரும் நாளில் முன் மேஜையில் யாரை உட்கார வைக்கிறோம்? சண்டைக்காரச் சம்பந்தி மணியடித்தால் கதவைத் திறக்க யாரை அனுப்புகிறோம்? ஒவ்வொரு ஆபீஸிலும், ஒவ்வொரு வீட்டிலும் 'போனால் போகட்டும்' என்று ஓர் ஆள் இருப்பார். அவர்தான் பாவம், கூப்பிட்டவுடன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்.

போன ஞாயிறு சேஷாத்ரி சாரும் அப்படித்தான் வந்தார். மாமி கையில் ஃப்ளாஸ்க். தாராவி அணி இரண்டு டாக்ஸியில், தங்கள் பவுடர் டப்பாவோடு வந்து இறங்கியது. எல்லோரும் போய் அவரவர் போர்டில் உட்கார்ந்தார்கள்.

சேஷாத்ரி சாருக்கு எதிரே ஜெபமணி என்பவர். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவராம். தலையைப் படிய வாரி, மணிக்கட்டில் பட்டையெல்லாம் கட்டி... பார்க்கவே பயமாக இருந்தது. சேஷாத்ரி சார் முதல் அடி அடித்தார். காய்கள் சிதறின, ஒன்றும் விழவில்லை. ஜெபமணி நிதானமாகக் குறி பார்த்தார், அடித்தார். ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.

ஸ்ட்ரைக்கர் விழுந்தால் அது தப்பு. போட்ட காய் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். ஜெபமணியிடம் திருப்பி வைக்கக் காயே இல்லை.

முதல் பதற்றம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் ஸ்ட்ரைக்கர் விழுந்தது. அதற்கடுத்த முறை ஸ்ட்ரைக்கர் விழவில்லை, சேஷாத்ரி சாரின் காய் ஒன்று விழுந்தது. "தேங்க்ஸ்" என்றார் சேஷாத்ரி சார். அவர் வாயிலிருந்து கிளப்பில் நான் கேட்ட முதல் தேங்க்ஸ்.

நிமிர்ந்து பார்த்தேன். தாராவி கேப்டன் செல்வராஜ் எங்கள் விஸ்வநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். விஸ்வநாதன் செல்வராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்து காதோடு கேட்டார்.

"அக்கா... நீங்களுமா?"

ஆமாம். இரண்டு கேப்டன்களும் ஒரே கணக்குப் போட்டிருக்கிறார்கள்! இரண்டு கிளப்பும் தங்கள் கடைசி ஆட்டக்காரரைத் தேடிப்பிடித்து ஒண்ணாம் போர்டில் உட்கார வைத்திருக்கிறது.

மற்ற நான்கு போர்டுகளும் சீக்கிரம் முடிந்துவிட்டன. இரண்டு எங்களுக்கு, இரண்டு அவர்களுக்கு. இப்போது கப் யாருக்கு என்பது ஒண்ணாம் போர்டில் இருக்கிறது. அங்கேயோ, ஒருவர் போட்ட காயைத் திருப்பி வைக்கிறார், இன்னொருவர் மேஜைக்கு அடியில் தேடுகிறார். ஆட்டம் பாதிகூட நகரவில்லை.

இரண்டு கிளப்பும் வந்து அந்த போர்டைச் சூழ்ந்துகொண்டது. "சலோ ஜெபா பாய்!" என்று ஒரு கூட்டம். "நிதானம், நிதானம்" என்று எங்கள் கூட்டம். தோற்கட்டும் என்று சொன்ன அதே விஸ்வநாதன், "சேஷாத்ரி, மெதுவா அடி... லெஃப்ட்ல பாரு... அந்தக் கருப்புக் காயை ஏன் தொடறே?" என்று தலைக்கு மேல் நின்று பாடம் நடத்துகிறார். எதிர்ப்பக்கம் செல்வராஜ், "லேய், செவப்ப விடுல, காயப் போடுல!" என்று கத்துகிறார்.

ஜெபமணி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரைக்கரை போர்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"செல்வராஜண்ணே, நேத்து என்ன சொன்னிய? 'எப்படியும் போற போர்டுதான், நீ சும்மா போய் உக்காரு'ன்னு சொன்னியல்லா? இப்ப எதுக்குக் கெடந்து கத்துதிய?"



சேஷாத்ரி சார் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணியின் ஆட்டம் எவ்வளவு மோசம் என்பதை இத்தனை நேரம் கண்ணெதிரே பார்த்தவர். பிறகு மெல்லத் திரும்பி விஸ்வநாதனைப் பார்த்தார். விஸ்வநாதன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். சேஷாத்ரி சார் என்னைப் பார்த்தார்.

நானும் ஃபேனைத்தான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"ஓ... அப்படியா" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அப்புறம் பவுடர் டப்பாவை எடுத்தார். தாராவி டப்பா. அவர்களுக்குப் பிடித்த மாதிரி தாராளமாகத் தூவினார். தினமும் செய்கிறாரே, அதே போல மூலை மூலையாக போர்டைத் தேய்த்துவிட்டார். காய் ஒன்றைக்கூட அசைக்கவில்லை. பிறகு ஜெபமணியிடம் சொன்னார்:

"நாம ரெண்டு பேரும் ஆடலாம் சார். இவாள்லாம் வெளியில போய் டீ குடிக்கட்டும்."

யாரும் நகரவில்லை.

"விஸ்வநாதன், வெளியில போங்கோ." குரல் உயரவில்லை. ஆனால் அவர் இப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதேயில்லை. விஸ்வநாதன் போனார். செல்வராஜ் போனார். எல்லோரும் போனார்கள். அமைப்பாளர் என்ற முறையில் நான் மட்டும் ஓரமாக நின்றேன்.

"நீங்களும்தான் மேடம்" என்றார். "கமலா மட்டும் இருக்கட்டும். ஃப்ளாஸ்க் அவகிட்ட இருக்கு."

கதவைச் சாத்தும்போது பார்த்தேன். மாமி ஃப்ளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி, முதலில் ஜெபமணியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் இரண்டு கிளப்பும் டீ கிளாஸோடு நின்றோம். உள்ளே டொக் என்று சத்தம் வரும். அது காயா, ஸ்ட்ரைக்கரா, எந்தக் குழி... எதுவும் தெரியாது. விஸ்வநாதன் கதவில் காதை வைக்காத குறை. செல்வராஜ் நகத்தைக் கடித்தார். தங்கள் ஆட்டக்காரரைச் சும்மா போய் உட்காரச் சொன்னவர்கள் இரண்டு பேரும் வெளியே சும்மா நின்றதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நடுவில் ஜெபமணியின் குரல் கேட்டது. "சார், நீங்க அடிக்க அடியில போர்டு ஒடஞ்சிரும் போலிருக்கு!"

பதிலுக்கு ஒரு சிரிப்பு. யார் சிரிப்பது என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை. சேஷாத்ரி சார் சத்தமாகச் சிரித்து நாங்கள் கேட்டிருந்தால்தானே புரிவதற்கு!

எங்கள் டீ முடிந்து, இன்னொரு டீயும் முடிந்த பிறகு கதவு திறந்தது.

"முடிஞ்சுதா?" பாய்ந்தார் விஸ்வநாதன்.

"முடிஞ்சுது."

"யாரு?"

சேஷாத்ரி சார் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா ஆடுனோம்" என்றார். அவ்வளவுதான். உள்ளே ஓடிப் பார்த்தால் போர்டு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கிறது. காய்கள் டப்பாவில். புள்ளி எழுதிய சிலேட்டும் துடைத்தாயிற்று.

"ஏல ஜெபமணி, வெளயாடாதல! கப்ப யாருக்குக் குடுக்க?" என்று செல்வராஜ் கெஞ்சினார்.

"கப்பு உங்களுக்குள்ள உள்ளதுண்ணே. ஆட்டம் எங்களுக்குள்ள உள்ளது."

சேஷாத்ரி சார் கைக்குட்டையில் ஸ்ட்ரைக்கரைச் சுற்றினார். ஜெபமணி கொண்டுவந்திருந்த, மஞ்சளாகிப்போன பழைய ஸ்ட்ரைக்கர். நீலப் பூ போட்ட புதியது ஜெபமணியின் சட்டைப் பையில் தெரிந்தது.  

விஸ்வநாதன் விடுகிற ஆளா? கடைசி சாட்சியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமி, நீங்களாவது சொல்லுங்கோ. கடைசியில சிவப்பை யார் போட்டா? நீங்க உள்ளேதானே இருந்தேள்?"

கமலா மாமி ஃப்ளாஸ்க்கைத் திருகி மூடினார்.

"நான் போர்டை எங்க பார்த்தேன்? இவர் மூஞ்சியைன்னா பார்த்துண்டிருந்தேன்."

கப் இப்போது என் வீட்டு டீப்பாய் மேல் இருக்கிறது. ரிட்டர்ன் மேட்ச் தாராவியில். நேற்று செல்வராஜ் போன் செய்தார்.

"அக்கா, யார எங்க போடன்னே தெரியல. ஒண்ணாம் போர்டு எனக்குத்தான்னு ஜெபமணி சொல்லிட்டான். என்கிட்ட கேக்கவே இல்ல."

எங்கள் பக்கம் சேஷாத்ரி சாரும் யாரையும் கேட்கவில்லை.