மசூர் மாஸ்டரின் ஜூடோ வகுப்பு

மசூர் கல்முனையில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். வாலிபத்தில் கொழும்பில் வேலை பார்த்தபோது ஜூடோ பழகியவர். ஊர் திரும்பிய பின், மில்லின் பழைய களஞ்சியத்தில் சாக்குகளுக்குள் உமி அடைத்து விரித்து, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வகுப்பு வைத்தார். ஜூடோ வழக்கப்படி ஒருவரையொருவர் குனிந்து வணங்குவது முஸ்லிம் ஊருக்குச் சரிவராது என்பதால், பிடிக்கும் முன் இருவரும் நெஞ்சில் கைவைத்துக்கொள்ளச் சொன்னார். மாதக்கணக்காக அடிபடாமல் விழத்தான் பழக்கினார்.

"எதிர நிக்கிறவன் நோகாம விழுறதும் நம்மட பொறுப்புத்தான்" என்பார்.

எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. சைக்கிள் கடை றஸாக் ஒருநாள் வகுப்பின் நடுவில் எழுந்து நின்றான்.

"அவனுகள் வந்தா விழுந்து காட்டுறதா மாஸ்டர்? அடிக்கப் பழக்குங்க."

"இது ஆள அடிக்கிறதுக்கில்ல தம்பி. கோவம் வாற நேரம் நம்மள நாமே புடிச்சி வெச்சிக்கிறதுக்கு."

றஸாக் போனான். அவனோடு பாதிப்பேர் போனார்கள்.

பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் நல்லரெத்தினமும் அந்த வகுப்பில் பழகியவர்தான். கலவரத்தோடு வருவதை நிறுத்தியிருந்தார். மனைவிக்கு மருந்து வாங்கக் கல்முனைக்கு வந்தவரைச் சந்தியில் றஸாக்கின் கூட்டம் மறித்தது. மில்லிலிருந்து வந்துகொண்டிருந்த மசூர் நடுவில் புகுந்தார். றஸாக் அவருடைய சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினான். மசூரின் கைகள் தாமாகவே அவனைப் பற்றின, இடுப்பு திரும்பியது, றஸாக்கின் கால்கள் தரையை விட்டு எழும்பின. அப்படியே நின்று, மெல்ல இறக்கி விட்டார். இன்னொரு குத்து விழுந்தது. அதற்குள் நல்லரெத்தினம் சைக்கிளில் தப்பிவிட்டார்.

வீட்டில் மனைவி ஜுனைதா இரத்தத்தைத் துடைத்தாள்.

"இவ்வளவு பழகியும் அடி வாங்கிட்டு வந்திரிக்கீங்களே!"

"ஓம் புள்ள" என்றார்.

சில வாரங்கள் கழித்து றஸாக் களஞ்சியத்துக்கு வந்தான். மசூர் தனியாக உமிச் சாக்குகளை வெயிலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு என்னத் தூக்கிட்டீங்க. ஏன் போடல்ல?"

"கீழ தார் ரோட்டு. மண்டை உடைஞ்சிருக்கும்."

றஸாக் சாக்கின் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக எல்லாவற்றையும் வெளியே போட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி வரவுமில்லை. தமிழரைக் காப்பாற்றிய மாஸ்டரிடம் மற்றவர்களும் வரவில்லை. மசூர் அஸர் தொழுகை நேரம் வரை காத்திருந்தார். பின் கதவைப் பூட்டிவிட்டு, முதுகு வலிக்க வலிக்க வீட்டுக்கு நடந்தார்.