ரோசலின் அக்காவும் கறுப்புப் பெட்டியும்

சென்ற வாரம் சத்துவாச்சாரியிலிருந்து ரோசலின் அக்காவின் கணவர் தாமஸ் அண்ணன் போன் செய்தார். "உங்க அக்கா போய்ட்டாப்பா" என்றார். எனக்கு உடனே கண்முன் வந்தது, ‘பொறுங்க’ என்று உயர்ந்து நிற்கும் ரோசலின் அக்காவின் கை.

அக்காவும் நானும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் ஒருவர், ஊர் திரும்பும்போது தம் வீட்டுக் கணினியை எங்களிடமே விட்டுப்போனார். ஷூ பெட்டியின் மூடி அளவுதான் இருக்கும். கறுப்பு நிறம், ரப்பர் பொத்தான்கள். திரை கிடையாது, டி.வி.யில் மாட்ட வேண்டும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும்; ஆகவே எழுதிய நிரலைப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைத்து, தினமும் திரும்ப ஏற்ற வேண்டும். ஏறும்போது கேசட் கீச்சிடும். மேல்நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகியது இம்மாதிரிப் பெட்டிகளில்தானாம். இன்றும் அதற்குப் புது விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்று கைப்பேசியில் வந்து விழும் ‘காலை வணக்கம்’ படம் ஒன்றுகூட அதன் நினைவகத்தில் அடங்காது. அக்கா அதற்குள் எங்கள் வேலையையே அடக்கினார். ஒரு சைஸின் அளவைக் கொடுத்தால், மற்றச் சைஸ்களின் அளவெல்லாம் டி.வி.யில் வரிசையாக வரும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

ஒரே தொல்லை, மின்சாரம். அதே கூடத்தில் பஷீர் பாய் தோல் வெட்டும் மெஷினை இறக்கினால் விளக்கு மங்கும், கேசட் தடுமாறி நிரல் பாதியில் கெட்டுவிடும். ஏறி முடிந்துவிட்டால் பயமில்லை. ஆகவே கேசட் கீச்சிடத் தொடங்கியதும் அக்கா கையை உயர்த்துவார். பாய் மெஷினை நிறுத்திவிடுவார்.

"இன்னாம்மா, ஏறிச்சா?"

"ஏறுது பாய். தும்மிடாதீங்க!"

ஏறிவிட்டதென்று திரை ஆங்கிலத்தில் சொல்லும். பாய்க்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். "தினமும் கூவிக் கூவித் தொண்டை போச்சு. பாயே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார் அக்கா. எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து, பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் கீச்சொலி ஓய்ந்ததும் டி.வி.யில் நம் எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘பாய், இப்ப மெஷின் போடுங்க.’ பாய் மெஷினை மறந்து நின்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிற்பாடு எத்தனையோ கணினிகளைப் பார்த்துவிட்டேன், அந்தச் சிலிர்ப்பு மறுபடி வரவில்லை.

பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. தாமஸ் அண்ணன் பாடகர் குழு ஒத்திகைக்கு வெற்றுக் கேசட் தேடி, வீட்டில் அக்காவின் பையில் கைக்குக் கிடைத்ததில் பதிந்துவிட்டார். மறுநாள் கம்பெனியில் கீச்சொலிக்குப் பதில் கீர்த்தனை எழுந்தது. "யா அல்லா, பொட்டி பாடுது!" என்றார் பாய். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரிடம் இருந்தது அந்த ஒரே கேசட்.

முதலிலிருந்து அத்தனையும் மறுபடி எழுதினார். இம்முறை யாரும் மேலே பதிய முடியாதபடி கேசட்டின் விளிம்பிலுள்ள காதுகளை உடைத்துவிட்டு, "இனிமே காபிரியேல் தூதனே வந்தாலும் இதுல பாட முடியாது" என்றார். அண்ணனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அண்ணனுக்குத்தான் அது கடைசிவரை உறுத்தியது.

அடக்கம் முடிந்த மறுநாள், துக்கத்துக்கு வந்திருந்த என் முன்னாலும் பஷீர் பாய் முன்னாலும், அக்கா வீட்டில் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பெட்டியையும் கேசட்டையும் அண்ணன் எடுத்து வைத்தார். "அவ எழுத்து இன்னும் இருக்குதான்னு பார்க்கணும்ப்பா. இல்லன்னா என்னால தாங்க முடியாது" என்றார். பழைய டி.வி.யில் மாட்டினோம். கேசட் கீச்சிட்டது. சமையலறையில் யாரோ மிக்ஸியைப் போட்டார்கள். முதுமையில் தள்ளாடும் பஷீர் பாய் சட்டென்று கையை உயர்த்தினார். "நிறுத்துங்கம்மா! ஏறுது!"

வீடே மூச்சடக்கி நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

கீச்சொலி ஓய்ந்தது. திரையில் அந்த எழுத்துகள் வந்தன, ஒரு புள்ளி குறையாமல்.

‘பாய், இப்ப மெஷின் போடுங்க.’

பாய் அதை வாய்விட்டு ஒருமுறை படித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"போடுங்கம்மா. ரோசலின் சொல்லிடுச்சு."

போய் வாருங்கள், அக்கா.